தார் பூசிய துருத்தி

கிரான்ஷேர் தீவு,
14 ஆகஸ்ட் 1978

அன்புள்ள தம்பி எல்மெருக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். நான் நலம். உன் அத்தான் சாப்பிடுகிறார், தூங்குகிறார், வலை பின்னுகிறார். அதை நலம் என்று வைத்துக்கொள். கோத்தன்பர்க்கில் நீயும் உல்லாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி தேவலையா?

ஒரு சேதி. போன வாரம் துர்க்குவுக்குப் போய் படகோட்டிப் பரீட்சை எழுதித் தேறிவிட்டேன். பதினேழு ஆண்பிள்ளைகள், நான் ஒருத்தி. வாசலில் நின்ற ஒரு மீசைக்காரன், "சமையல் பரீட்சை பக்கத்து ரூம்லம்மா" என்றான். "அங்க உங்க வீட்டம்மா உக்காந்திருக்காங்க, எடமில்ல" என்றேன். அந்த மீசை தேறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எதற்கு இந்த வயதில் பரீட்சை என்று கேட்பாய். வரும் வசந்தத்திலிருந்து தபால் படகு நம் தீவுக்கு வராதாம். பதினோரு வீடு இருக்கிறது. யாராவது ஒருத்தர் படகு ஓட்டியாக வேண்டும். அத்தானுடைய உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். படகு மட்டும் கரையில் தார்ப்பாயின் கீழே கிடக்கிறது. அதை நானே சரி செய்து நானே ஓட்டப் போகிறேன்.

நீ டாக்னியின் அடக்கத்துக்கு வரவில்லை. கடைத் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினாய், அவ்வளவுதான். அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். போன செப்டம்பர் 20, காலை. நம் தபாலாபீஸ் டாக்னிக்குப் பல்வலி. அத்தான் அவளைப் பெரிய தீவுக்கு, நாகுவுக்கு, பல் டாக்டரிடம் ஏற்றிக்கொண்டு போனார். பாதிக் கடலில் படகின் பின்பக்கம் கனத்தது. எந்திர அறையைத் திறந்தால் மோட்டாரில் பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். மோட்டார் நின்றது, படகு அமிழ்ந்தது. அத்தான் அவளைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் மிதந்தார். காவல் படகு வந்தபோது அவர் பிடித்திருந்தது பிணத்தை. விசாரணையில், பராமரிப்புக் குறைவால் பின்பக்கமாகத் தண்ணீர் புகுந்தது, பொறுப்பு படகோட்டியுடையது என்று எழுதினார்கள். காலையில் ஒரு பியர் குடித்திருந்தார் என்பதையும் எழுதினார்கள்.

ஊர் அதைக்கூட மறந்திருக்கும். மறக்காதது வேறு. அன்று மாலையே படகைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். டாக்னியின் உடல் படகுத்துறையில் போர்த்திக் கிடக்கிறது. உன் அத்தான் ஈரச் சட்டையோடு போய் மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் ஊற்றி, கையால் சுற்றிக்கொண்டிருந்தார். மூழ்கிய மோட்டாரை அன்றே கழுவாவிட்டால் துரு பிடித்துச் செத்துவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. எனக்கும் எரிந்தது. அன்றைக்குப் பிறகு அவர் கரைக்கு இறங்கவே இல்லை.

படகை எப்படிச் சரி செய்வது என்று அவரிடமே கேட்டால் சொல்லிவிடுவார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீதான் மெக்கானிக். முட்டாளுக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ராக்னி


கோத்தன்பர்க்,
26 ஆகஸ்ட் 1978

என் பாசமுள்ள கேப்டன் அக்காவுக்கு,

தம்பி எல்மெரின் வணக்கம். என் முதுகு உன் விசாரிப்பிலேயே பாதி நிமிர்ந்துவிட்டது. உல்லாவும் நலம். நீ பரீட்சை தேறியதைப் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன். "ஒங்க அக்காவ இங்க அனுப்பு, நீ வீட்டுக்குப் போ" என்கிறான் எங்கள் மேஸ்திரி.

மோட்டார் படகுக்கு உள்ளே இருக்கிறது, அதன் சக்தியைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் கால் பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது. அந்தக் காலைத்தான் நாங்கள் டிரைவ் என்கிறோம். முதலில் அதன் எண்ணெயை மாற்று. அடியில் ஒரு திருகு, மேலே ஒரு திருகு. அடித்திருகைக் கழற்றி வடியவிடு. பிறகு புது எண்ணெயைக் கீழிருந்து மேலே ஏற்று, மேல் துளையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நிற்கும். பிறகு தண்ணீர் பம்பைத் திறந்து அதன் ரப்பர்ச் சக்கரத்தைப் பார். இதழ் ஒடிந்திருந்தால் புதிது போடு. உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்காமலிருக்க டிரைவில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்று. பிளக்குகளைக் கழற்றித் துடை. அவ்வளவுதான், உனக்கு இது அப்பம் சுடுவது போல.

டிரைவைக் கழற்ற வேண்டாம். ஐம்பது கிலோ கனம், காலில் விழுந்தால் விரல் போகும். டிரைவுக்கும் பின்பலகைக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்த் துருத்தி இருக்குமே, அதைத் தொடாதே. அது நுட்பமான விஷயம், கை படாமல் இருந்தாலே நன்றாக இருக்கும்.

உண்மையைச் சொன்னால், அந்தப் படகு இனி எதற்கு அக்கா? ராசியில்லாத படகு. பழைய படகை எரித்துவிட்டு வேறு ஒன்று பார்ப்பதுதான் நல்லது.

அத்தானுக்கு என் வணக்கம் சொல்.
தம்பி எல்மெர்


கிரான்ஷேர்,
10 செப்டம்பர் 1978

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. இங்கே காட்டில் லிங்கன்பெரிப் பழம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பன்னிரண்டு ஜாடி ஜாம் போட்டேன். உல்லாவுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

படகை எரிக்கச் சொல்கிறாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? கைக்கு எட்டியதை எரித்துவிட்டு எட்டாததற்கு அண்ணாந்து நிற்கச் சொல்கிறாயா?

எண்ணெய்த் திருகைக் கழற்றினேன். எண்ணெயா வந்தது? பால் விட்ட காப்பிதான் வந்தது. போன குளிர்காலத்தில் உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து இரும்பு வெடிக்காமல் போனது கடவுள் செயல். நீ சொன்னபடி கீழிருந்து மேலே ஏற்றினேன். பம்பின் ரப்பர்ச் சக்கரத்தில் ஆறு இதழில் நான்குதான் இருந்தது. துத்தநாகம் மெலிந்து எலும்பாகிவிட்டது. பக்கத்து வீட்டு வெர்னெர் வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தான்.

"என்ன ராக்னி, புருஷன் கெடுத்தத பொண்டாட்டி சரி பண்றியாக்கும்?"

"நீ கெடுத்தத சரி பண்ண ஒம் பொண்டாட்டிக்கு ரெண்டு ஜென்மம் வேணும். அந்த ஸ்பேனர எடு."

எடுத்துக் கொடுத்தான். பாவம், கெட்டவன் இல்லை. ஆனால் அத்தானுக்கு அவன் ஒரு வருஷமாகத் தலையசைப்பதில்லை.

இப்போது கேள். எல்லாரும் அடியிலுள்ள வடிகால் தக்கையை அவர் போட மறந்திருப்பார் என்றுதான் கடையில் பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். தக்கை இறுக்கமாக அதன் இடத்தில் இருக்கிறது, எல்மெர். நான் கையால் தொட்டுப் பார்த்தேன். அடிப்பலகையில் ஒரு விரிசல் கிடையாது. பின்னே தண்ணீர் எங்கிருந்து வந்தது? நீ தொடாதே என்ற அந்தத் துருத்தி ஒன்றுதான் பாக்கி. அது கிழிந்தால் படகு மூழ்குமா? மூழ்கும் என்றால் நான் டிரைவைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். எப்படிக் கழற்றுவது என்று உடனே எழுது.

உன் உடம்பு, உல்லாவின் உடம்பு இரண்டையும் கவனி.
அக்கா


கோத்தன்பர்க்,
7 அக்டோபர் 1978

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே. இப்போது எல்லாருமே படகைக் கரையேற்றும் காலம், பட்டறையில் மூச்சு விட நேரமில்லை.

உறைபனி வரப்போகிறது. இந்த வருஷம் எதையும் கழற்றாதே. குளிருக்கு மட்டும் தயார் செய்துவிடு. மோட்டாரின் உடம்பில் இருக்கும் வடிதிருகுகளைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிடு. துளையில் துரு அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்து. பிறகு உறையாத திரவத்தை ஊற்று. பிளக் துளைகளில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுற்று. பேட்டரியை வீட்டுக்குள் எடுத்துவை. டிரைவைக் கீழே இறக்கியே வை. தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்கி உறையும்.

மற்றதை வசந்தத்தில் நானே வந்து பார்க்கிறேன். அதுவரை பொறு.

எல்மெர்


கிரான்ஷேர்,
15 அக்டோபர் 1978

எல்மெர்,

நீ நலமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நலமா?

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே டிரைவைக் கழற்றிவிட்டேன். வெர்னெரும் நானும் கயிறு கட்டி, கட்டை முட்டுக்கொடுத்து மெல்ல இறக்கினோம். என் விரல் பத்தும் இருக்கிறது. நிமிர்ந்தபோது உன் அத்தான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டார்.

துருத்தியைத் தொட்டேன். ரப்பர் அழுத்தினால் திரும்ப வேண்டும், இல்லையா? என் விரல் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. உப்பி, கொழகொழவென்று, அடிமடிப்பில் மூன்று விரல் போகும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

"ஐய, அழுகின பன்னிக்கொடலு மாதிரி இருக்கு" என்றான் வெர்னெர். பிறகு மோந்து பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"ராக்னி, இது ஒங்கப்பன் வாசன."

அப்பா காய்ச்சுவாரே, பைன் தார், டர்பன்டைன், ஆளிவிதை எண்ணெய் மூன்றும் கலந்து. அதேதான். படகு, படகுத்துறை, கூரை, செருப்பு, கடலைப் பார்க்கிற எதையும் விட்டுவைக்க மாட்டார். பாதிரியார் அசையாமல் நின்றிருந்தால் அவருக்கும் ஒரு கை பூசியிருப்பார். மரத்துக்கு அது மருந்து. ரப்பருக்கு என்னவென்று நான் நாகுவில் மோட்டார் சாமான் விற்கும் பெண்ணைக் கேட்டேன். "ஐயோ, டர்பன்டைனா? அதுக்கு வெஷத்தையே குடுத்திருக்கலாமே" என்றாள்.

தார் பட்டால் உன் அத்தானுக்குக் கை கொப்புளித்துப் போகும். இந்தத் தீவில் நாய்க்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் துடுப்புப் படகுக்குக்கூட நீதான் பூசினாய். 76 இலையுதிர் காலத்தில் அவர் குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நீ ஸ்வீடனுக்குக் கிளம்பும் முன்னால் இந்தப் படகைக் குளிருக்குத் தயார் செய்தது யார்?

நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன். நீயா?

ராக்னி


கிரான்ஷேர்,
12 நவம்பர் 1978

எல்மெர்,

நான்கு வாரம் ஆகிறது. ஒருவேளை கடிதம் தொலைந்ததோ என்று மறுபடி எழுதுகிறேன். இங்கே தொலைவதில்லை. உங்கள் பக்கம் எப்படியோ.

படகைக் குளிருக்குத் தயார் செய்துவிட்டேன். நீ சொன்னபடி வடிதிருகில் கம்பி விட்டுக் குத்தினேன், ஒரு குவளை துரு கொட்டியது. டிரைவைக் கொட்டகையில் நிமிர்த்திக் கட்டி வைத்திருக்கிறேன். துருத்தியை மெழுகுத்தாளில் சுற்றி ரொட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வீடே நாறுகிறது. அத்தான் அந்தப் பெட்டியைப் பார்க்கிறார், பிறகு வலை பின்னப் போய்விடுகிறார்.

சகல புனிதர் நாளன்று கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் போனோம். டாக்னியின் கல்லுக்கு அவர் ஒன்று வைத்தார். அவள் மகன் ருரிக் குனிந்து அதை மட்டும் எடுத்துப் பனியில் குத்தி அணைத்தான். முப்பது பேர் பார்த்தார்கள். அத்தான் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். நான் பத்தடி பின்னால் நடந்தேன். ஒரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறேன்.

பதில் எழுது.
ராக்னி


கோத்தன்பர்க்,
3 டிசம்பர் 1978

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கிறிஸ்துமஸுக்கு உல்லா இரண்டு கிலோ காப்பியும் ஒரு மேஜைவிரிப்பும் அனுப்புகிறாள், தபாலில் வரும். இங்கே பனி இல்லை, மழைதான். உல்லாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அந்த அலைச்சலில் எழுத முடியவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். யார் எதில் எப்போது தார் பூசினார்கள் என்பதை இத்தனை நாள் கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நம் பக்கத்தில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் பூசுகிறவர்கள்தானே? அந்த வருஷத்து ரப்பரே மட்டம் என்று இங்கேயும் சொல்கிறார்கள். அப்படியே நான் ஏதாவது தடவியிருந்தாலும், வசந்தத்தில் படகை இறக்கும்போது பார்க்க வேண்டியது படகோட்டிதான். எல்லாப் பட்டறையிலும் அதுதான் விதி. அத்தான் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. இதற்கு மேல் கிளறுவதால் டாக்னி எழுந்து வரப்போவதில்லை.

காப்பி கிடைத்ததும் எழுது.
எல்மெர்


கிரான்ஷேர்,
13 டிசம்பர் 1978

எல்மெர்,

தபாலில் வந்த காப்பியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வேண்டுகிறவர்கள் குடிக்கட்டும்.

"குனிந்து பார்த்திருந்தால்" என்று எழுதினாயே, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். படித்தார். எழுந்து போய் படகின் பயணக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். அதன் பின் அட்டையிலிருந்து ஒரு கடிதத்தை உருவி என்னிடம் கொடுத்தார். உன் கையெழுத்து. 77 மே 6 என்று தேதி. நீ மறந்திருப்பாய், அதனால் அப்படியே எழுதுகிறேன்:

"அத்தானுக்கு வணக்கம். துருத்தி ஒட்டுகிறது, தார் நாறுகிறது, புதிது போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தார் என்றாலே உங்களுக்கு நடுக்கம்தான்! அது ஒட்டவில்லை அத்தான், மிருதுவாகியிருக்கிறது. ரப்பர் மிருதுவாக இருப்பதுதான் நல்லது. கழற்றினால்தான் கெடும். அப்படியே இறக்குங்கள், பத்துக் குளிர்காலம் தாங்கும். மோட்டார் படித்தவன் நானா, நீங்களா?"

குனிந்து பார்த்திருக்கிறார், எல்மெர். மோந்தும் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் உன்னைக் கேட்டிருக்கிறார்.

"இத விசாரணைல ஏன் காட்டல?" என்று கேட்டேன்.

"அவன் வேலைல சேந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. காட்டினா வேல போயிருக்கும்."

"எங்கிட்ட ஏன் காட்டல?"

"ஒனக்கு இருக்கறது ஒரே தம்பி" என்றார். பிறகு வலை ஊசியை எடுத்துக்கொண்டார். இரண்டு கண்ணி பின்னிவிட்டு, "அதுவுமில்லாம, நீ கேக்கல. நீ சொன்ன" என்றார்.

நான் சொன்னது என்ன என்று உனக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "அவ வாய்க்குள்ள தண்ணி போறப்ப நீ எங்க பாத்துக்கிட்டிருந்த?" என்று. நாற்பது நிமிடம் ஒருத்தியைத் தூக்கிப் பிடித்திருந்த ஆளிடம். அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துக் கடலில் போடத் தோன்றுகிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது இது. விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதம், ருரிக்குக்கு ஒரு கடிதம், உன் கைப்பட. மென்று முழுங்காமல், ரப்பர் மட்டம், மழை, மாமியார் உடம்பு எதுவும் இல்லாமல். இந்தப் பழைய கடிதத்தை நானே அனுப்பலாம். அனுப்பினால் பெண்டாட்டி புருஷனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பார்கள். செய்தவன் சொன்னால்தான் அவர் தலை நிமிர முடியும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எழுதினால் நீ என் தம்பி.
ராக்னி


கோத்தன்பர்க்,
21 ஜனவரி 1979

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராகச் சொல்கிறேன்.

நான்தான். 76 அக்டோபரில் அப்பாவின் தகர டப்பாவில் மிச்சமிருந்ததைச் சூடு பண்ணி, படகின் அடிக்குப் பூசிவிட்டு, தூரிகையில் இருந்ததைத் துருத்திக்கும் பூசினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியம்.

இதுவரை வெறும் முட்டாள்தனம். இனிமேல் சொல்வதுதான் கஷ்டம். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மேஸ்திரி ஒரு துருத்தியைக் கையில் தூக்கிக்காட்டி, "எண்ணெ, தாரு, டர்பன்டைன், எதுவும் இதுமேல படக்கூடாது, ஆறு மாசத்துல கரையும்" என்றார். எனக்கு அங்கேயே நம் படகு ஞாபகம் வந்தது. அன்றைக்கே எழுத நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று குளிர்காலம் போயிற்று. மே மாதம் அத்தானே எழுதிக் கேட்டார். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது, அக்கா. மாற்றுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அவர் எப்போதும் அப்பாவிடம், "தார வெச்சே ஒங்க வீடு ஓடுது" என்று கேலி செய்வாரே. படித்த மெக்கானிக்காகி வந்த பிறகும் அவர் சொன்னதுதான் சரி என்று எழுத என் கை ஓடவில்லை. ஒரு கோடைதானே, தாங்கிவிடும், அடுத்த வருஷம் வந்து சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த அற்பத்தனத்துக்கு டாக்னி செத்தாள். நமக்கெல்லாம் தபால்தலை ஒட்டிக் கொடுத்த டாக்னி.

இரண்டு கடிதமும் அனுப்பிவிட்டேன். நகல் இதில் இருக்கிறது. பட்டறையிலும் சொல்லிவிட்டேன். புதுத் துருத்தியும் அதை இறுக்கும் கவ்விகளும் தனிப் பொட்டலத்தில் வரும். கவ்வியின் திருகு பக்கவாட்டில் இருக்கும்படி போட வேண்டும், அப்போதுதான் பிறகு ஸ்குரூ டிரைவர் எட்டும்.

அத்தானின் காலில் விழுகிறேன் என்று சொல்.
எல்மெர்


கிரான்ஷேர்,
18 மார்ச் 1979

எல்மெர்,

உன் கடிதங்கள் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தன. துருத்தியும் வந்தது. கவ்வியின் திருகைப் பக்கவாட்டில்தான் போட்டேன். டிரைவை மாட்டி இறுக்கியாகிவிட்டது. உடம்பு நலம்.

ருரிக் நாகுவிலிருந்து உறைந்த கடல் மேல் சறுக்குவண்டியை உதைத்துக்கொண்டு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினான். "அம்மாவ நாப்பது நிமிஷம் தாங்கிப் பிடிச்சிருந்தீங்க. நான் ஒரு மெழுகுவத்தியக்கூட விட்டுவெக்கல." அவ்வளவு பெரிய ஆள் அழுதான். உன் அத்தான் அவன் தோளைத் தட்டி, "காப்பி குடிச்சிட்டுப் போ, தம்பி" என்றார்.

மறுநாளிலிருந்து ஊரே வந்தது. வெர்னெர் ஒரு கூடை பெர்ச் மீன் கொண்டுவந்தான். கடைக்காரி கேக் அனுப்பினாள். ஒரு வருஷமாகத் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாரும் சமையலறையில் உட்கார்ந்து, எங்களுக்கு அப்பவே சந்தேகம்தான் என்றார்கள். அவர் எல்லாருக்கும் காப்பி ஊற்றினார். சிரித்தார்கூட. ஆகா, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பதினேழு மாதம் ஆகியிருந்தது.

"இப்ப ஒங்க பேரு சுத்தமாயிடுச்சு" என்றேன்.

"ஆமா."

"அப்பறம் என்ன, மொகம் அப்படியே இருக்கு?"

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"ஊரு நம்பினதுக்கு ஊரு மேல எனக்குக் கோவமில்ல, ராக்னி. ஊருக்கு என்ன தெரியும்? எல்மெரு பேர்லயும் இல்ல, அவன் சின்னப்புத்திக்காரன், அது எனக்கு எப்பவும் தெரியும். ஒன்னோட இருவத்திரெண்டு வருஷம் இருந்தேன். கடலுக்குப் போறப்பல்லாம் நான் என்னென்ன தொட்டுப் பாப்பேன்னு நீ பாத்திருக்க. நீ வந்து ஒரே ஒரு தடவ, என்ன ஆச்சுன்னு கேப்பன்னு இருந்தேன். நீ அந்தக் காகிதம் வர வரைக்கும் பத்தடி பின்னாலயே நடந்த."

"நீங்க சொல்லியிருக்கலாம்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சொல்லியிருந்தா ஒந்தம்பியயும் நம்பியிருக்க மாட்ட, என்னயும் நம்பியிருக்க மாட்ட" என்றார்.

நான் கெஞ்சினேன், எல்மெர். உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் கெஞ்சினேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் போகமாட்டார் என்று தெரிந்திருக்கும். பனி உடைவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று மட்டும் சொன்னார். இரண்டு கம்பளிச் சட்டை, வலை ஊசி, காலுறைகள். காலுறைகளை நான்தான் மடித்து வைத்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை, நாகுவில் அவருடைய அக்கா வீட்டுக்குப் பனி மேல் நடந்து போனார். வெர்னெர் கரையில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"நாங்களாவது ஊர்க்காரங்க. நீ பொண்டாட்டி" என்றான். நான் திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

உன்மேல் எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கிறேன். நீ ஒரு வரி எழுதாமல் விட்டாய். நான் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேன். உன்னை எந்த வாயால் திட்டுவது? அதனால் இந்த வசந்தத்தில் நீ வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் என்னையே பார்ப்பது போல இருக்கும்.

நேற்று விசாரணைக் குழுவிலிருந்து அவர் பேருக்கு ஓர் உறை வந்திருக்கிறது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே உரிமத்தின் முத்திரை தெரிகிறது. அதை நாகுவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நம் வீட்டு முகவரியை அடித்துவிட்டு, அவருடைய அக்கா வீட்டு முகவரியை எழுத உட்கார்ந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து, அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததைத் தவிர, நாங்கள் ஒரு வாரம்கூடப் பிரிந்ததில்லை, அவருக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. உறையில் அவர் பெயரை எழுதிவிட்டேன். வீட்டு எண் எனக்குத் தெரியவில்லை. யாரைப் போய்க் கேட்பது?

ராக்னி